மின்னஞ்சல் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா?

ஒரே முகவரிக்கு எழுதினால் எல்லா உறுப்பினர்களுக்கும் மடல் போய்ச் சேரும் ஏற்பாடுதான் மின்னஞ்சல் குழு. பல ஆண்டுகளாக என் தொழில் சார்ந்த அப்படி ஒரு குழுவில் இருக்கிறேன். அதில் சில ஆண்டுகள், வரும் மடல்களைப் பார்த்து ஒப்புதல் தரும் மட்டுறுத்துநராகவும் இருந்தேன். வேலையில் எங்கே முட்டிக்கொண்டு நின்றாலும் அந்தக் குழுவின் பழைய மடல்களில்தான் முதலில் தேடுவேன். ஒருநாள் இரவு அப்படித் தேடியபோது, என்னை வாட்டிக்கொண்டிருந்த அதே சிக்கலை, ஏறக்குறைய அதே சொற்களில், ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டிருந்தது கிடைத்தது. மூன்று பேர் அவரிடம் கூடுதல் விவரம் கேட்டிருந்தார்கள். இழையின், அதாவது அந்தக் கேள்வியும் அதற்கு வந்த பதில்களும் சேர்ந்த தொடரின், கடைசி மடல் கேட்டவருடையது: “சரியாகிவிட்டது. அனைவருக்கும் நன்றி.” எப்படிச் சரியானது என்று ஒரு சொல் இல்லை. விடியும்வரை உட்கார்ந்து நானே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

குழுவுக்கு எழுதும் ஒவ்வொரு மடலையும் இரண்டு விதமானவர்கள் வாசிக்கிறார்கள். இன்று வேலைக்கு நடுவே அரை நிமிடம் ஒதுக்கித் திறந்து பார்க்கும் சக உறுப்பினர் ஒருவர். பல ஆண்டுகள் கழித்து அதே சிக்கலோடு தேடி வரப்போகும் முகம் தெரியாதவர் இன்னொருவர். கீழே நான் சொல்லியிருப்பவை எல்லாம் இந்த இருவரையும் மனதில் வைத்துத்தான்.

உடனுக்குடன் பேச இத்தனை செயலிகள் இருக்கும்போது மின்னஞ்சல் குழு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் இணையப் பொறியியல் பணிக்குழு, நேரில் கூடிப் பேசி எடுத்த முடிவைக்கூட மின்னஞ்சல் குழுவில் வைத்து உறுதி செய்த பிறகே முடிவாகக் கொள்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில் வரும் மாற்றங்கள் இன்றும் மின்னஞ்சல் குழுக்களில்தான் அலசப்படுகின்றன. காரணம் எளியது. அரட்டையில் நேற்றுப் பேசியதை இன்று தேடி எடுப்பதே பெரும்பாடு. மடலோ யோசித்து எழுதப்படுகிறது, தலைப்போடு நிற்கிறது, தேடினால் கிடைக்கிறது.

சேரும்போது

முதலில் முகவரியை முடிவு செய்யுங்கள். அலுவலக முகவரியில் சேர்ந்தால் வேலை மாறும் நாளில் அத்தனையும் போய்விடும். அதோடு, நீங்கள் எழுதும் ஒவ்வொரு கருத்தும் உங்கள் நிறுவனத்தின் கருத்துபோலத் தோன்றும். சொந்த முகவரியே நல்லது. சில தொழில்முறைக் குழுக்கள் அலுவலக முகவரிதான் வேண்டும் என்று கேட்கும். அங்கே வேறு வழியில்லை. எதுவானாலும் உங்கள் முழுப்பெயர் தெரியும்படி அமையுங்கள். பாதிப் பெயரும் நான்கு எண்களுமாக இருக்கும் முகவரியிலிருந்து வரும் தொழில்முறைக் கேள்விக்குப் பதில் எழுதப் பலர் தயங்குவார்கள்.

விண்ணப்பித்ததும் உறுதி செய்யச் சொல்லி ஒரு மடல் வரும். அது ஸ்பேமில் போய் விழுவது சகஜம், அங்கேயும் பாருங்கள். உறுதி செய்தபின் வரும் வரவேற்பு மடலைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். குழுவின் விதிகள், வெளியேறும் வழி, நிர்வாகியை அணுகும் முகவரி எல்லாம் அதில் இருக்கும். மட்டுறுத்துநராக இருந்த காலத்தில் எனக்கு வந்த தனி மடல்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஒரு மடலிலேயே பதில் இருந்தது.

ஒரு குழுவுக்குப் பொதுவாக மூன்று முகவரிகள் உண்டு. ஒன்று, எல்லா உறுப்பினர்களுக்கும் மடல் போகும் முகவரி. இரண்டாவது, சேர, விலக, அமைப்பை மாற்ற உதவும் முகவரி. அதை வாசிப்பது மனிதரல்ல, ஒரு மென்பொருள். மூன்றாவது நிர்வாகிகளின் முகவரி. தொடக்க காலத்தில் குழுவில் பெயர் சேர்ப்பதும் நீக்குவதும் ஒருவர் கையால் செய்த வேலை. 1986இல் எரிக் தாமஸ் எழுதிய லிஸ்ட்செர்வ் மென்பொருள் அந்த வேலையைத் தன்மேல் எடுத்துக்கொண்டது. அதனால்தான் ‘என்னை நீக்கு’ என்ற கட்டளையை அதற்குரிய முகவரிக்கு அனுப்புகிறோம். குழு முகவரிக்கு அனுப்பினால் அது ஆயிரம் பேருக்குப் போகும். நீக்க வேண்டிய மென்பொருளுக்குப் போகாது.

அடுத்து, ஒரு ஃபில்டர் போட்டு குழு மடல்கள் எல்லாம் தனி லேபிளுக்கோ ஃபோல்டருக்கோ போகும்படி செய்யுங்கள். இதைச் செய்யாதவர்கள் ஒரு மாதத்தில் சலித்து வெளியேறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மடல்கள் மிக அதிகமாக வரும் குழுவென்றால், நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே மடலாகக் கட்டி அனுப்பும் டைஜஸ்ட் வசதியைத் தேர்ந்தெடுக்கலாம். வாசிக்க மட்டும் வருபவர்களுக்கு அது வசதி. அடிக்கடி பதில் எழுதுபவருக்கு அல்ல; ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் சில வாரங்கள்

வாசியுங்கள், எழுத அவசரப்பட வேண்டாம். 1995 அக்டோபரில் வெளிவந்த ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நடத்தை வழிகாட்டி, ஒன்றிரண்டு மாதங்கள் வாசித்த பிறகே எழுதத் தொடங்குங்கள் என்கிறது. இன்றைய வேகத்துக்கு அது நீண்ட காலமாகத் தோன்றலாம். என் கணக்கில் இரண்டு மூன்று வாரம் போதும், ஆனால் அந்த நாட்களில் கவனித்து வாசிக்க வேண்டும். யார் எந்த விஷயத்தில் ஆழம் உள்ளவர், ஒருவரையொருவர் எப்படி அழைத்துக்கொள்கிறார்கள், பெயரிட்டா, ‘ஐயா’, ‘அம்மா’ என்றா, எந்தக் கேள்விகளுக்கு உடனே பதில் வருகிறது, எவை கேட்பாரற்றுப் போகின்றன என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

சில குழுக்களில் புதியவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது வழக்கம், சிலவற்றில் வழக்கமில்லை. வழக்கமிருந்தால் நான்கு வரி எழுதுங்கள்: பெயர், என்ன வேலை, எதில் ஆர்வம், எந்த விஷயத்தில் உங்களைக் கேட்கலாம். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். குழுவுக்கு அதிகம் பயன்படுவது அதுதான்.

கேள்வி கேட்பது

இங்கேதான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. குழுவின் உயிர் கேள்விகளில் இருக்கிறது. கேள்வி எப்படியோ பதிலும் அப்படி.

முதலில் காப்பகத்தில், அதாவது குழுவின் பழைய மடல்கள் சேர்ந்திருக்கும் இடத்தில், தேடுங்கள். பிழைச்செய்தி ஏதாவது வந்திருந்தால் அதை அப்படியே மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடுங்கள். கிடைக்கவில்லையா, அந்தச் சிக்கலை வேறொருவர் எந்தச் சொல்லில் சொல்லியிருப்பார் என்று யோசித்து இரண்டாம் முறை தேடுங்கள். பழைய இழை கிடைத்து, அது உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் அதையும் கேள்வியில் குறிப்பிடுங்கள். “இந்த இழையைப் பார்த்தேன், ஆனால் என் நிலைமை இதில் வேறுபடுகிறது” என்ற ஒரு வரியைப் பார்த்தாலே, பதில் சொல்ல முனைபவருக்கு உங்கள்மேல் மதிப்பு வந்துவிடும்.

பிறகு எழுதுங்கள். நான் மட்டுறுத்துநராக இருந்தபோது வாரம் ஒன்றாவது இந்த மாதிரி வரும்:

தலைப்பு: உதவி தேவை!!! அவசரம்

“அனைவருக்கும் வணக்கம். நான் இந்தக் குழுவுக்குப் புதியவன். எக்செலில் தேதி தவறாக வருகிறது. என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்.”

இதை எழுதியவர் உண்மையாகவே தவித்துக்கொண்டிருக்கிறார், அதில் ஐயமில்லை. ஆனால் பதில் தெரிந்தவர் இதை வைத்து என்ன செய்வார்? எந்தத் தேதி, எப்படித் தவறு, எங்கிருந்து வந்த கோப்பு என்று அவர் திரும்பக் கேட்க வேண்டும். பாதிப் பேர் கேட்கமாட்டார்கள். அடுத்த மடலுக்குப் போய்விடுவார்கள். அதே மனிதர் அதே சிக்கலை இப்படி எழுதியிருக்கலாம் (சிஎஸ்வி என்பது அட்டவணையைக் காற்புள்ளிகளால் பிரித்து வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு):

தலைப்பு: எக்செல்: சிஎஸ்வி கோப்பைத் திறந்தால் சில தேதிகளில் நாளும் மாதமும் இடம் மாறுகின்றன

“குழுவினருக்கு வணக்கம். கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்த சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறக்கிறேன். கோப்பில் தேதிகள் நாள்/மாதம்/ஆண்டு என்ற வரிசையில் உள்ளன. 03/04/2024 என்பது ஏப்ரல் 3 என்று வர வேண்டும். மார்ச் 4 என்று வருகிறது. 25/04/2024 போன்றவை தேதியாக மாறாமல் வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கின்றன. நாள் 12-ஐத் தாண்டினால் இப்படி ஆகிறது என்று கவனித்தேன். செல்லின் வடிவத்தை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. அதே கோப்பை நோட்பேடில் திறந்தால் தேதிகள் சரியாக உள்ளன. விண்டோஸ் 11, எக்செல் 2021. மாதந்தோறும் சுமார் 4,000 வரிகள் வருவதால் கையால் திருத்த இயலாது. கோப்பைத் திறக்கும்போதே தேதியின் வரிசையைச் சொல்லிவிட வழி உண்டா?”

இரண்டாவது மடல் நீளம்தான். ஆனால் பதில் சொல்பவருக்கு வேலை குறைவு. என்ன எதிர்பார்த்தார், என்ன நடந்தது, எதைச் செய்து பார்த்தார், எந்தச் சூழலில் என்று எல்லாம் இருக்கிறது. அந்த ‘12-ஐத் தாண்டினால்’ என்ற கவனிப்பைப் பாருங்கள்: விவரம் தெரிந்த ஒருவர் அந்த வரியைப் படித்ததுமே கணினியின் வட்டார அமைப்பு (தேதி, எண் போன்றவற்றை எந்த நாட்டு முறையில் எடுத்துக்கொள்வது என்ற தேர்வு) மாதத்தை முதலில் எதிர்பார்க்கிறது என்று சொல்லிவிடுவார். 13 முதல் உள்ள எண்கள் மாதமாக இருக்க முடியாதல்லவா? இப்படிக் கேள்வியை ஒழுங்காக எழுத உட்கார்ந்தபோது விடை தானாகவே பிடிபட்டு, மடலை அனுப்பாமலே அழித்த அனுபவம் எனக்குப் பலமுறை உண்டு.

இந்த இரண்டாவது மடலில் ‘அவசரம்’ என்ற சொல் இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். காலக்கெடு இருந்தால் “வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும்” என்று மடலுக்குள் ஒரு வரி எழுதலாம். தலைப்பில் ஆச்சரியக்குறிகளை அடுக்கினால், ஊதியம் வாங்காமல் உதவ வருபவருக்குக் கட்டளை இடுவதுபோல் ஆகிவிடும்.

ஒரே கேள்வியை ஒரே நேரத்தில் நான்கு குழுக்களுக்கு அனுப்பாதீர்கள். ஒரு குழுவில் தீர்ந்துவிட்ட சிக்கலுக்கு இன்னொரு குழுவில் ஒருவர் தன் மாலை நேரத்தைச் செலவழித்துக்கொண்டிருப்பார். இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு, பதில் வராவிட்டால், முன்பு எங்கே கேட்டீர்கள் என்பதைச் சொல்லி அடுத்த குழுவுக்கு எழுதலாம்.

படங்களையும் பெரிய கோப்புகளையும் இணைக்க வேண்டாம். மின்னஞ்சலில் இணைக்கும் கோப்பு எழுத்துக்குறிகளாக மாற்றப்பட்டே போகிறது. அதில் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 3 எம்பி படம் 4 எம்பி ஆகி, ஆயிரம் உறுப்பினர்களின் பெட்டியிலும் போய் உட்காரும். பல குழுக்கள் இணைப்புகளை வெட்டியெறிந்துவிடும். கோப்பை எங்காவது ஏற்றிவிட்டு இணைய முகவரியைக் கொடுங்கள். கூடவே, அந்தப் படத்தில் என்ன தெரிகிறது என்பதை இரண்டு வரியில் எழுத்திலும் சொல்லுங்கள். பிழைச்செய்தியைப் படமாக மட்டும் கொடுத்தால் நாளை தேடுபவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

மடல் அனுப்பியபின் அது உங்கள் இன்பாக்ஸுக்குத் திரும்பி வரவில்லையே என்று பதறி மறுபடியும் அனுப்பாதீர்கள். ஜிமெயில் போன்ற சேவைகள், நீங்களே அனுப்பிய மடல் குழு வழியாகத் திரும்ப வந்தால் அதை இன்னொரு பிரதியாகக் காட்டுவதில்லை. போய்ச் சேர்ந்ததா என்று காப்பகத்தில் பாருங்கள். புதிய உறுப்பினரின் முதல் மடல் மட்டுறுத்துநரின் ஒப்புதலுக்காகக் காத்திருப்பதும் உண்டு.

தலைப்பும் இழையும்

புதிய பேச்சைத் தொடங்கப் புதிய மடலே எழுதுங்கள். ஏதோ ஒரு பழைய மடலைத் திறந்து, ‘பதில்’ அழுத்தி, தலைப்பை மட்டும் மாற்றி எழுதும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. முகவரியைத் தட்டச்சு செய்யும் வேலை மிச்சம் என்று. ஒவ்வொரு மடலுக்கும் கண்ணுக்குத் தெரியாத அடையாளக் குறி ஒன்று உண்டு. பதில் அழுத்தும்போது அந்தக் குறி புதிய மடலிலும் ஒட்டிக்கொள்கிறது. பல மின்னஞ்சல் மென்பொருள்களும் காப்பகங்களும் அதை வைத்துத்தான் இழையைக் கோக்கின்றன. நீங்கள் தலைப்பை மாற்றினாலும் உங்கள் கேள்வி வேறொருவரின் பேச்சுக்கு அடியில் போய்ப் புதைந்துவிடும்.

பேச்சு இயல்பாகவே வேறு பக்கம் திரும்பிவிட்டால் தலைப்பை மாற்றுவது நல்லதே. புதுத் தலைப்பைப் போட்டு, ‘முன்பு’ என்று எழுதி, பக்கத்தில் பழைய தலைப்பையும் இடுங்கள். தொடர்ந்து வருபவருக்கு வழி தெரியும்.

டைஜஸ்டில் வாசிப்பவர்கள் பதில் எழுதும்போது தலைப்பில் டைஜஸ்டின் தொகுதி எண்ணே நிற்கும். எந்தக் கேள்விக்கான பதில் என்று யாருக்கும் விளங்காது. இழையின் உண்மையான தலைப்பை இட்டு, கீழே தொங்கும் மற்ற மடல்களை எல்லாம் அழித்துவிட்டு அனுப்ப வேண்டும். அப்போதும் இழை அறுந்துதான் போகும். அடிக்கடி எழுதுபவர்கள் தனித்தனி மடல்களாகப் பெறுவதே மேல் என்று முன்னால் சொன்னது இதனால்தான்.

பதில் எழுதுவது

‘பதில்’ பொத்தானை அழுத்தியதும் முதலில் பெறுநர் பெட்டியைப் பாருங்கள். சில குழுக்களில் உங்கள் பதில், அந்த மடலை எழுதியவருக்கு மட்டும் போகும். சிலவற்றில் குழு முழுவதற்கும் போகும். இது குழுவுக்குக் குழு மாறும் அமைப்பு. இதை நான் வலியோடு கற்றுக்கொண்டேன். மூத்த உறுப்பினர் ஒருவர் ஒரு வரைவை அனுப்பியிருந்தார். அதைப் பற்றி நண்பர் ஒருவருக்கு மட்டும் எழுதுவதாக நினைத்து, “இவர் இன்னும் பழைய முறையையே பிடித்துக்கொண்டிருக்கிறார்” என்று எழுதி அனுப்பிவிட்டேன். அது எல்லோருக்கும் போயிற்று. அன்று மாலையே அவரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். குழுவிலும் இரண்டு வரியில் கேட்டேன். அவர் பெருந்தன்மையோடு, வரைவில் எந்த இடம் அப்படித் தோன்றியது என்று கேட்டு அதைத் திருத்தவும் செய்தார். என் அந்த மடல் மட்டும் இன்றும் காப்பகத்தில் இருக்கிறது. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் சாக்குச் சொல்லாதீர்கள். சம்பந்தப்பட்டவரிடம் நேரடியாகப் பேசுங்கள், அன்றே பேசுங்கள்.

எதைக் குழுவுக்கு எழுதுவது, எதைத் தனியாக எழுதுவது? மற்றவர்களுக்கும் பயன்படும் விடை குழுவுக்கு. வாழ்த்து, நலம் விசாரிப்பு, “எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்”, எழுத்துப்பிழை சுட்டுவது ஆகியவை தனி மடலில். “நானும் ஆமோதிக்கிறேன்” என்ற ஒற்றை வரி மடலும் வேண்டாம். ஆமோதிப்பதோடு உங்கள் அனுபவத்தில் ஒரு புதிய விவரம் சேர்க்க முடிந்தால் எழுதுங்கள்.

‘அனைவருக்கும் பதில்’ எவ்வளவு பெரிய சேதம் செய்யும் என்பதற்குப் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் 2016 நவம்பர் 14 அன்று நடந்தது சாட்சி. ஒரு சோதனை மடல் தவறுதலாகச் சுமார் 8,40,000 கணக்குகளுக்குப் போய்விட்டது. பெற்றவர்களில் பலர் “இது எனக்கு வந்திருக்கக் கூடாது”, “என்னை நீக்குங்கள்” என்று அனைவருக்கும் பதில் அனுப்ப, அந்தப் பதில்களே மின்னஞ்சல் சேவையை முடக்கிப்போட்டன. தவறான மடல் ஒன்று குழுவில் வந்தால் பேசாமல் இருங்கள். தேவைப்பட்டால் நிர்வாகிக்கு மட்டும் எழுதுங்கள். “எல்லோரும் பதில் எழுதுவதை நிறுத்துங்கள்” என்று எல்லோருக்கும் எழுதுவதும் அதே தவறுதான்.

மேற்கோள் காட்டுவதில் கொஞ்சம் உழைப்பு வேண்டும். எந்த வரிகளுக்குப் பதில் சொல்கிறீர்களோ அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றின் கீழே உங்கள் பதிலை எழுதி, மற்றதை அழித்துவிடுங்கள். மூன்று கேள்விகள் இருந்தால் ஒவ்வொன்றின் கீழும் அதன் பதில். முழு மடலையும் அப்படியே தொங்கவிட்டு மேலே ஒரு வரி எழுதினால், பத்தாவது பதில் வரும்போது ஒரு வரிக்காக எட்டுப் பக்கம் உருட்ட வேண்டியிருக்கும். குழுவில் எல்லோரும் மேலேதான் எழுதுகிறார்கள் என்றால் நீங்களும் அப்படியே எழுதுங்கள். தேவையற்றதை அழிப்பது மட்டும் எங்கும் நல்லது.

நிறத்தை நம்பாதீர்கள். ஒருமுறை ஓர் உறுப்பினர் நீண்ட மடல் ஒன்றுக்கு மிகுந்த அக்கறையோடு வரிக்கு வரி பதில் எழுதி, மேலே “என் பதில்கள் சிவப்பில்” என்று குறிப்பிட்டிருந்தார். குழு மென்பொருள் நிறங்களை எல்லாம் நீக்கி வெறும் எழுத்தாக அனுப்பிவிட்டது. கேள்வி எது, பதில் எது என்று பிரித்தறிய முடியாமல் அவ்வளவு உழைப்பும் வீணானது. லினக்ஸ் கர்னல் குழுவைப் போல, அலங்கார வடிவ மடல்களை ஏற்கவே மறுக்கும் குழுக்களும் உண்டு. வெறும் எழுத்தில் படித்தாலும் விளங்கும்படி எழுதுவதே பாதுகாப்பு.

கையொப்பம் நான்கு வரிக்குள் இருக்கட்டும். “இது ரகசியத் தகவல், வேறு யாரும் படிக்கக் கூடாது” என்று அலுவலக மடல்களின் அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் நீண்ட அறிவிப்பு, யாரும் படிக்கக்கூடிய குழுவில் பொருளற்றது. முடிந்தால் நீக்கிவிடுங்கள்.

குழுவில் சொல்லக் கூடாதவை

தொழில்முறைக் குழுவில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் இது. மருத்துவர், வழக்கறிஞர், கணக்காளர், ஆலோசகர் யாராக இருந்தாலும், உங்களை நம்பி வந்தவரின் கதையை அவர் அடையாளம் தெரியும்படி எழுதக் கூடாது. பெயரை மட்டும் எடுத்துவிட்டால் போதாது. வயது, தொழில், நோய் அல்லது வழக்கு, நடந்த மாதம் இவை நான்கும் சேர்ந்தால் ஊரறிந்த ஒருவரைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். உங்கள் பெயர் மடலின் அடியில் இருக்கிறது, அதுவே பாதி அடையாளம். கேள்விக்கு எந்த விவரம் இன்றியமையாததோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பொதுவாக்குங்கள். நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: சம்பந்தப்பட்டவரே இதை வாசித்தால் “இது நான்தான்” என்று திடுக்கிடுவாரா? ஆம் என்றால் அனுப்பமாட்டேன்.

ஒரே தொழிலில் இருப்பவர்கள் கூடி எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்று பேசிக்கொள்வது பல நாடுகளின் போட்டிச் சட்டங்களில் சிக்கலான விஷயம். அதனால் தொழில்முறைச் சங்கங்கள் நடத்தும் பல குழுக்களில் கட்டணப் பேச்சுக்குத் தடை உண்டு. விதிகளில் இதைத் தேடிப் பாருங்கள்.

மூடிய குழுவில் வந்த மடலை எழுதியவரைக் கேட்காமல் வெளியே அனுப்பாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் அது நம்பிக்கை முறிவுதான். அதேவேளை, நீங்கள் எழுதுவது வெளியே போகவே போகாது என்றும் நம்பாதீர்கள்.

மனம் கொதிக்கும்போது

எழுதுங்கள், ஆனால் பெறுநர் பெட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு எழுதுங்கள். இரவு கழியட்டும். காலையில் படித்துப் பாருங்கள். நான் அப்படி எழுதியவற்றில் அனுப்பத் தகுந்ததாக மறுநாள் மிஞ்சியது பெரும்பாலும் இரண்டு வரிதான், அதுவும் கேள்வி வடிவில்: “நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?” எழுத்தில் குரல் கேட்பதில்லை. அவசரத்தில் சுருக்கமாக எழுதியவர் முரடராகத் தெரிவார்.

ஒருவர் தவறான தகவல் சொன்னால் தகவலைத் திருத்துங்கள், ஆளைத் திருத்தப் போகாதீர்கள். விதியை மீறிய புதியவரைப் பொதுவில் கண்டிக்க வேண்டாம்; தனி மடலில் இரண்டு இதமான வரிகள் போதும். பொதுவில் கண்டிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் திரும்ப எழுதுவதே இல்லை.

திரும்ப வந்து சொல்வது

சிக்கல் தீர்ந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு முடிவு மடல் எழுதுங்கள். அதே இழையில் எழுதுங்கள். தேதிக் கேள்வி கேட்டவர் இப்படி முடித்திருக்கலாம்:

“தீர்ந்தது. கோப்பை நேரடியாகச் சொடுக்கித் திறக்காமல், எக்செலுக்குள்ளிருந்து இறக்குமதி செய்து, தேதி நெடுவரிசைக்கு ‘நாள்-மாதம்-ஆண்டு’ வகையைத் தேர்ந்தேன். 4,000 வரிகளும் சரியாக வந்தன. கணினியின் வட்டார அமைப்பு மாதத்தை முதலில் வைக்கும் முறையில் இருந்ததே காரணம். அதையே மாற்றலாம் என்ற யோசனையும் வேலை செய்தது. ஆனால் என் மற்றக் கோப்புகள் பாதிக்கப்பட்டதால் பழையபடி வைத்துவிட்டேன். யோசனை சொன்ன இருவருக்கும் நன்றி.”

கைவிட்ட யோசனையையும், ஏன் கைவிட்டீர்கள் என்பதையும் எழுதுவது முக்கியம். தீராவிட்டால் “தீரவில்லை, இப்படிச் சுற்றிக்கொண்டு போனேன்” என்று எழுதினாலும் உதவிதான். பலர் உங்களுக்குத் தனி மடலில் பதில் தந்திருந்தால், அவர்கள் அனுமதியோடு அவற்றைத் தொகுத்துக் குழுவில் இடுங்கள்.

உங்களுக்கு மிகவும் பயன்பட்ட இழைகளைச் சொந்தமாகவும் சேமித்து வையுங்கள். யாஹூ 2020 டிசம்பரில் தன் குழுச் சேவையை மூடியது. அதற்கு முன்பே, பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த மடல்கள் அந்தத் தளத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டன.

விடுப்பும் விலகலும்

விடுப்பில் போகும்போது தானியங்கிப் பதிலை அமைத்தால், அது குழு மடல்களுக்கும் பதில் அனுப்புமா என்று சோதித்துக்கொள்ளுங்கள். நல்ல சேவைகள் குழு மடலை அடையாளம் கண்டு ஒதுங்கிவிடும். எல்லா அலுவலக அமைப்புகளும் அப்படி இல்லை. ஐயம் இருந்தால், குழுவின் அமைப்புப் பக்கத்தில் மடல் வரவைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். திரும்பி வந்ததும் விட்டுப்போனதைக் காப்பகத்தில் வாசித்துக்கொள்ளலாம்.

முகவரி மாறும்போது முதலில் புதிய முகவரியைச் சேர்த்துவிட்டு, அதில் மடல் வரத் தொடங்கிய பிறகு பழையதை விலக்குங்கள். வரிசையை மாற்றிச் செய்தால், மூடிய குழுவில் மறுபடியும் ஒப்புதலுக்குக் காத்திருக்க நேரும். பழைய முகவரியை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். அதற்குப் போகும் ஒவ்வொரு மடலும் திரும்பி வந்து நிர்வாகிக்கு வேலை வைக்கும்.

முழுவதுமாக விலகுவதாக இருந்தால், குழு மடல்களின் அடியில் விலகுவதற்கான இணைப்பு இருக்கும். இல்லாவிட்டால் அந்த வரவேற்பு மடலை எடுத்துப் பாருங்கள். விலகுகிறேன் என்று எல்லோருக்கும் அறிவிக்கத் தேவையில்லை. யாருக்காவது பதில் தருவதாகச் சொல்லி நிலுவையில் வைத்திருந்தால் அதை மட்டும் எழுதி முடித்துவிட்டுப் போங்கள்.